மௌனம் யாருக்குச் சொந்தம்?

ஒரு சமயத்தார் போற்றிவரும் தியான நெறியைப் பிற சமயத்தார் மேற்கொள்ளுதல் முறையாகுமா? இவ்வினாவுக்குரிய விடையொன்று கோலாலம்பூரிலேயே பிறந்தது.

1950களின் நடுப்பகுதியில், மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியிலிருந்த ஜான் மெயின் என்னும் கத்தோலிக்கர் அலுவல் நிமித்தம் சுத்த சமாஜத்துக்குச் சென்றார். ஆதரவற்ற சிறாரைப் பேணிய அதன் நிறுவனர் சுவாமி சத்தியானந்தாவிடம் தியானம் பயில விரும்பினார். சுவாமி மதம் மாறச் சொல்லவில்லை; கிறிஸ்தவ மந்திரம் ஒன்றையே காலையும் மாலையும் அரைமணி நேரம் உள்ளத்தில் ஓதப் பணித்தார்.

பின்னர் மெயின் பெனடிக்ட் சபைத் துறவியானார். அத்தியானத்தைக் கைவிடுமாறு அங்கே கூறப்பட்டது, பணிந்தார். தன் நெறி கலங்குமோ என்னும் அச்சம் எச்சமயத்துக்கும் இயல்பே. ஆண்டுகள் கழித்து, பண்டைக் கிறிஸ்தவத் துறவி ஜான் காசியன் ஒரே வேதவாக்கியத்தை ஓயாது ஓதக் கற்பித்திருந்ததை அவர் கண்டார். அயலார் வீட்டில் கண்ட விளக்கு தம் வீட்டுப் பரணிலும் இருந்தது!

1975இல் லண்டனில் தியானக் குழுவைத் தொடங்கிய மெயின் 1982இல் மறைந்தார். 1991இல் உலகக் கிறிஸ்தவ தியான சமூகம் உருவாயிற்று. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிறு குழுக்கள் ‘மாரநாதா’ என்னும் சொல்லோடு மௌனத்தில் அமர்கின்றன.

கொடுத்தவர் உரிமை கோரவில்லை. பெற்றவர் மூலத்தை மறைக்கவில்லை. இவ்விரண்டும் உள்ள இடத்தில் கொள்ளலும் கொடுத்தலும் அறமே.