யாரைப் பார்க்க இந்தக் கேமரா?

என்ஜினியரிங் படிக்கிற பையன் என்று தெரிந்துவிட்டால் போதும். கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ, யாராவது ஓர் அண்ணன் ஓரமாக அழைத்துப் போய்க் கேட்பார்: "தம்பி, காருக்கு டேஷ்கேம் போடணும். எது நல்லது?" கூடவே இன்னொன்றும் வரும்: "கார்மின் மாதிரி தனியா ஒரு வழிகாட்டிக் கருவி வாங்கலாமா, இல்ல போன்ல வேஸ் இருந்தா போதுமா?"

தெரிந்ததைச் சொல்லுவேன். நம்ம ஊர் வெயிலில் நிறுத்தி வைத்த காரின் டேஷ்போர்டு 60 டிகிரிக்கு மேல் சூடாகும். அதனால் உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கேமராவைவிட கெப்பாசிட்டர் வைத்தது நல்லது. பேட்டரி சூட்டில் உப்பிப்போகும். மெமரி கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கக் கூடாது. கேமரா பழைய பதிவின் மேல் புதியதை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்குகிற கார்டு வேண்டும். ராத்திரியில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தனி வழிகாட்டிக் கருவி செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். இணையம் இல்லாத இடத்திலும் வழி காட்டும். போன் செயலி சாலை நெரிசலைச் சொல்லும். ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் தன் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் சுலபமான கேள்விகள். சுலபமாகப் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி கடைசியில் வரும்: "வீடியோ ஓரத்துல ஸ்பீட் காட்டுதே தம்பி, அதை எடுத்துட முடியுமா?"

முடியும். ஜிபிஎஸ் உள்ள பல கேமராக்களில் அந்த எண்ணை அணைத்துவைக்க வசதி இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. ஆனால் ஏன் எடுக்கணும்? "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நமக்கே எதிரா வந்து நிக்குமே!"

நியாயமான பயம்தான். இதில் நம்ம தர்மத்தைப் பற்றிய ஒரு கேள்வி இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது சாட்சியையா, இல்லை நமக்கு மட்டும் பேசுகிற வக்கீலையா?

நம்மவர்கள் புதுக் கார் எடுத்தால் முதலில் கோயிலுக்குத்தான் கொண்டுபோவோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, டேஷ்போர்டில் ஒரு குட்டிப் பிள்ளையாரை உட்கார வைப்போம். அவருக்குப் பக்கத்தில் இப்போது போனும் கேமராவும் வந்துவிட்டன. முன்கண்ணாடி ஓரத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2012லிருந்து நம் நாட்டுச் சாலைகளில் வேகத்தைப் பிடிக்கும் தானியங்கிக் கேமராக்கள் உண்டு. முன்னால் கேமரா இருக்கிறது என்று வேஸ் எச்சரித்ததும் என்ன செய்கிறோம்? பிரேக்கை மிதிக்கிறோம். 110க்கு இறங்குகிறோம். தாண்டியதும் பழையபடி பறக்கிறோம். ஆக, போன் இருப்பது அடுத்தவர் கண்ணிலிருந்து நம்மை மறைக்க. டேஷ்கேம் இருப்பது அடுத்தவரை நம் கண்ணால் பிடிக்க. ஒரே கண்ணாடியில் இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டு, நடுவில் பிள்ளையாரையும் வைத்திருக்கிறோம். அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்!

தமிழில் மனச்சாட்சி என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. உள்ளே இருந்து பார்ப்பதை நம் முன்னோர் சாட்சி என்றே அழைத்தார்கள். கல்யாணத்தை அக்கினி சாட்சியாகச் செய்கிறோம். நெருப்பு மாப்பிள்ளை வீட்டுக்காகவும் பேசாது, பெண் வீட்டுக்காகவும் பேசாது. பக்கம் சாய்ந்தால் அது சாட்சியே இல்லை. வேக எண்ணை மறைத்துவைத்த கேமரா, எதிரே வருபவனைப் பற்றி முழு உண்மையும் நம்மைப் பற்றி அரை உண்மையும் சொல்லும்.

"என் காசு, என் கேமரா, என் கார்டு. எனக்கு எதிரா நானே ஏன் ஆதாரம் கொடுக்கணும்?" என்று கேட்பவர் இருக்கிறார். இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. லாரி ஓட்டி நான்கு பேருக்குச் சோறு போடுகிறவருக்கு லைசன்ஸ் போனால் பிழைப்பு போச்சு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது சட்ட உலகம் நெடுங்காலமாக மதிக்கும் கொள்கை. ஆனால் அந்தக் கொள்கை பிறந்தது, பலம் மிக்க அரசாங்கத்திடமிருந்து எளியவனைக் காப்பாற்ற. சாலையில் விழுந்து கிடப்பவர் அரசாங்கம் இல்லை.

எங்கள் பைராம் தோட்டத்துப் பக்கத்திலிருந்து நிபோங் திபாலுக்குப் போகிற சாலையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில். செம்பனைக் குலை ஏற்றிய லாரி, மேய்ச்சல் மாடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று எல்லாருக்கும் அதே சாலைதான். 2019இல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் 6,167 பேர் இறந்தார்கள். இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்களில் எத்தனை பேரிடம் கேமரா இருக்கும்? காரும் மோட்டார் சைக்கிளும் மோதினால், அங்கே நடந்ததைச் சொல்ல அநேகமாக ஒரே ஒரு கார்டுதான் இருக்கும். அது கார்க்காரர் கையில். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்தாக வேண்டும். அந்த இடைவெளியில் கார்டை அழிக்க ஒரு பட்டனை அமுக்கினால் போதும். விழுந்தவர் பக்கத்து உண்மை அதோடு போச்சு. அவர் மயக்கத்தில் இருக்கலாம், அல்லது இல்லாமலே போயிருக்கலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019 ஜனவரி 20ஆம் தேதி அதிகாலையில் பினாங்குப் பாலத்தில் இரண்டு வாகனங்கள் மோதியதில் ஒன்று தடுப்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. ஓட்டிவந்த 20 வயது இளைஞர் இறந்தார். வேறொரு காரின் கேமராவில் அது பதிவாகியிருந்தது. விசாரணைக்கு அந்தப் பதிவு தேவைதான். ஆனால் அது புலனத்திலும் முகநூலிலும் பரவியபோது, சில வினாடிப் படத்தைப் பார்த்தே ஊரெல்லாம் தீர்ப்பு எழுதியது. மகனைக் காணாமல் தவித்த ஒரு குடும்பத்தின் போனுக்கும் அந்தப் படம் வந்திருக்கும் என்று எத்தனை பேர் யோசித்தோம்? சாட்சி சொல்ல வேண்டிய இடம் ஒன்று. வேடிக்கை காட்டுகிற இடம் வேறு.

தேவார வகுப்பில் நாம் எல்லாரும் கேட்ட ஒரு கதை உண்டு. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரில் போகிறான். ஒரு கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்து இறந்துபோகிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை அடிக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வதைக் கவனித்தால், கன்று யாரும் அறியாமல் தானே உள்ளே பாய்ந்தது. அந்தத் தேரில் ஒரு டேஷ்கேம் இருந்திருந்தால் இளவரசனுக்கு நல்ல சாட்சியாக இருந்திருக்கும்! "பாருங்க, கன்றுதான் குறுக்கே வந்துச்சு" என்று போட்டுக் காட்டியிருக்கலாம். அமைச்சர்களும் பரிகாரம் செய்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். ராஜா ஒப்புக்கொள்ளவில்லை. பரிகாரம் செய்தால் அந்தப் பசுவின் துயரம் தீருமா என்பதுதான் அவர் கவலை.

அவர் தன் மகனுக்குக் கொடுத்த தண்டனையை இன்று யாரும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கேமரா கேட்காது. கேமராவுக்குத் தெரிந்தது "யார் தப்பு?" என்பது மட்டும்தான். "யாருக்கு வலி?" என்று மனிதன்தான் கேட்க வேண்டும். தப்பு நம்முடையதில்லை என்று கார்டு நூற்றுக்கு நூறு சொன்னாலும், இறங்கிப் போய் விழுந்தவரைப் பார்ப்பதும், ஆம்புலன்சைக் கூப்பிடுவதும் நம் கடமை. இப்போதெல்லாம் விபத்து நடந்த இடத்தில் முதலில் நீளுகிற கை, தூக்கிவிடவா நீளுகிறது, போனைத் தூக்கவா?

அதனால் இளைஞர்களே, டேஷ்கேம் வாங்குங்கள். நல்லதாகவே வாங்குங்கள். ஜிபிஎஸ் உள்ளதாக வாங்கி, வேக எண்ணை மறைக்காமல் விடுங்கள். மறைத்தாலும் பெரிய லாபமில்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். சாலைக் கோடுகளையும் படங்களையும் எண்ணிக் கணக்குப் போடத் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். அதைவிட, ஓரத்தில் அந்த எண் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுக்க வைக்கும். விபத்து நடந்தால் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அழிக்காதீர்கள். கேட்க வேண்டிய அதிகாரி கேட்டால் கொடுங்கள். புலனத்தில் போடாதீர்கள்.

அந்த அண்ணன்மார் கேட்டால் ஸ்பீடை எப்படி அணைப்பது என்று காட்டுவேன். அது அவர்கள் பொருள், அவர்கள் முடிவு. ஆனால் காட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "அண்ணே, நாளைக்கு நம்ம பையன் மோட்டார் சைக்கிள்ல போறப்போ ஒரு கார் இடிச்சுடுதுன்னு வைங்க. அந்தக் கார்ல இருக்கிற கேமராவுல ஸ்பீட் தெரியணுமா, தெரியக் கூடாதா?"