எழுத்தில் வந்த மணியோசை

காதில் விழாத திருவாக்கு மனதில் இறங்குமா? சந்தவாசலில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இறங்காது என்கிறார். தேவாரமோ புராணமோ செவி வழியாக வரவேண்டும், டிவியில் எழுத்தாகப் படிப்பது வெறும் வாசிப்பு என்பது அவர் கட்சி.

பெரியம்மாவுக்காக நான் செய்துவரும் வேலையைப் பார்த்துத்தான் இப்படிச் சொன்னார். ஆடி வெள்ளி தவறாமல் படவேட்டு ரேணுகாம்பாளைக் கும்பிட்டு வந்தவர் பெரியம்மா. இப்போது முட்டிவலி, காதும் கேட்பதில்லை. மிஷினை மாட்டினால் இரைச்சல்தான் என்று கழற்றி வைத்துவிடுகிறார். அதனால் ‘திருவிளையாடல்’ படத்தை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, வசனத்தை வரிவரியாக அடிக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் போடவேண்டும். அதைத் தனிக் கோப்பாகப் பென்டிரைவில் ஏற்றியபோது எங்கள் டிவி கொம்பை ஒரு பக்கமும் எழுத்தை ஒரு பக்கமும் பிரித்துக் காட்டியது. ஆகவே எழுத்தைப் படத்தோடேயே பதித்துவிடுகிறேன். தருமியாக நாகேஷ் புலம்பும் இடம்தான் பெரும்பாடு. அவர் வேகத்துக்கு எழுத்தை ஓடவிட்டால் வயதான கண் எட்டிப் பிடிக்காது. சுருக்கினால் தருமியே இல்லை. திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை அப்படியே வைத்தேன்.

“மணி அடிக்கிற எடத்துல அதையும் எழுதிப் போடு கண்ணு” என்றார் பெரியம்மா. போட்டேன். ‘மணியோசை’ என்ற எழுத்து திரையில் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது கும்பிடு இல்லை என்று எந்த சாஸ்திரத்தை வைத்துச் சொல்வது?

பெரியவருக்கு நான் தில்லையைத்தான் காட்டுவேன். ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி அங்கே பூட்டிய அறையைத் திறந்தபோது கிடைத்தவை புற்று மூடிய தேவார ஏடுகள், அதிலும் செல்லரித்தது போக மிச்சம் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பண் பிறகுதான் கிடைத்தது. எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் அதைக் கொடுத்தார். இடையில் தேவாரம் ஓசையில்லாத எழுத்தாகவே இருந்தது. அப்போது அது தேவாரம் இல்லையா?

இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஔவையாராக வரும் கே.பி.சுந்தரம்பாளின் குரலை எந்த எழுத்தும் தராது. பெரியம்மா அதை டூரிங் டாக்கீஸில் கேட்டவர். வரியைப் பார்த்ததும் குரல் அவருக்குள் எழும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அந்த நினைவும் கிடையாது. அதற்குக் கிடைப்பது எழுத்து மட்டுமே. அருள் வந்து சேரக் காது வேண்டும் என்றால் அந்தக் குழந்தையை ஆண்டவன் வாசலிலேயே நிறுத்திவிட்டான் என்றாகும். அப்படி ஒரு ஆண்டவனை நான் நம்பவில்லை. கண்ணில்லாத தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைக் கயிற்றைத் தடவித் தடவியே தோண்டினார். பார்வை கிடைத்தது பிறகுதான். அந்தத் தொண்டு அதற்கு முன்பே ஏற்கப்பட்டுவிட்டது.

காது கேளாதோர் டிவி பார்க்க வசன எழுத்தோ சைகை மொழியோ வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பக்திச் சேனல் நடத்துகிறவர்கள் கோயில் உற்சவ ஒளிபரப்பிலும் சொற்பொழிவிலும் தமிழ் எழுத்தைப் போடவேண்டும். அதுவரை, தமிழில் தட்டச்சு தெரிந்தவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு படத்துக்காவது எழுதிக் கொடுங்கள். மணியோசையையும் விட்டுவிடாதீர்கள்.