வாயில்லாச் சீவனுக்கு அளவு பார்க்கலாமா?

கீரிமலையிலே ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். பொழுது சாய்கிற நேரம். கடலின் இரைச்சல் முற்றம்வரை கேட்கிறது. விறாந்தையில் அம்மம்மா கதிரையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நெடுங்காலமாகச் சலரோகம். விரல் நுனியில் மெல்லக் குத்தி, ஒரு துளி இரத்தத்தைச் சிறு கருவியில் வைத்து அளவு பார்த்தாயிற்று. பேத்தி அதைக் கொப்பியில் எழுதிக்கொள்கிறாள். பிறகு அதே பிள்ளை மடியில் ஒரு துவாயை விரிக்கிறாள். வீட்டுப் பூனையைத் தூக்கி வைத்து, அதன் காது ஓரத்தைத் தடவிச் சூடாக்குகிறாள். வேறோர் ஊசி, வேறொரு கருவி. அங்கேயும் ஒரு குத்து, ஒரு துளி இரத்தம், ஓர் இலக்கம்.

படலையடியில் நின்று பார்த்த அயல்வீட்டு மாமி கேட்கிறார்: "என்ன பிள்ளை, பூனைக்கும் சீனி வருத்தமோ? மனிசருக்கே மருந்தில்லாமல் தவிச்ச நாட்டிலை இதென்ன கூத்து?"

"அதுக்கு வாயில்லை, மாமி. நாங்கள் பாத்தால்தானே தெரியும்" என்கிறாள் பிள்ளை.

வாசகரே, இந்த வீடு கற்பனை வீடு. ஆனால் கேள்வி கற்பனையன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே மாமியின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கும்போது, கோபிக்காமலும் சிரிக்காமலும் இருந்து யோசிப்பதுதான் நம் கடமை.

முதலில், பூனைக்குச் சலரோகம் வருமா? வரும். வயதான, உடல் பருத்த, வீட்டோடே கிடக்கும் பூனைகளுக்கு, அதிலும் நலம் தட்டிய கடுவன்களுக்கு, கூடுதலாக வருகிறது. மனிதருக்கு நடுவயதில் வருகிற வகையைப் போன்றதே இதுவும். அடையாளங்களும் நாம் அறிந்தவையே. ஓயாமல் தண்ணீர் குடிக்கும்; அதிகம் சிறுநீர் கழிக்கும்; நன்றாகத் தின்றாலும் மெலியும். சிலவேளை பின்னங்கால் நரம்புகள் தளர்ந்து, குதிக்கால் நிலத்தில் படும்படி நடக்கும்.

இதற்கு நாளுக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு மணித்தியால இடைவெளியில் இன்சுலின் ஊசி போடுவதே வழமையான வைத்தியம். இங்கேதான் அளவு பார்க்கும் கேள்வி எழுகிறது. சுகமான பூனையின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் வரை சீனி இருக்கும். ஆனால் பூனை பயந்த சீவன். அதைக் கூடையில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்தில் காத்திருக்க வைத்து, முன்பின் அறியாத கைகளில் கொடுத்தால், பயத்தினாலேயே அதன் சீனி 300ஐயும் தாண்டிவிடலாம். வருத்தமே இல்லாத பூனைக்கும் இது நேரும். அந்த இலக்கத்தை மட்டும் நம்பி இன்சுலினைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். 60க்குக் கீழே போனால் தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, சிலவேளை மரணமும் உண்டு.

ஆகவே தனக்குப் பழகிய மடியில், பழகிய கையில் இருக்கும்போது எடுத்த அளவே பெரும்பாலும் உண்மையான அளவு. அந்தப் பிள்ளை செய்வது விளையாட்டல்ல. மிருக வைத்தியருக்குக் கிடைக்காத ஓர் உண்மையை அவள் வீட்டில் தேடி எடுத்துக் கொடுக்கிறாள்.

வருத்தக்காரர் வீட்டில் அளவு பார்ப்பது மனிதர் விடயத்திலேயே ஒரு காலத்தில் விநோதமாகத் தெரிந்தது. 1970ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இரத்தச் சீனி பார்க்கும் கருவி விற்பனைக்கு வந்தபோது, அதை வைத்தியர்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். சிறு வயதிலிருந்தே சலரோகத்தோடு வாழ்ந்த றிச்சட் பேர்ன்ஸ்ரீன் என்ற பொறியியலாளர், வைத்தியரான தம் மனைவியின் பெயரில் ஒன்றைப் பெற்று, நாளுக்குப் பலமுறை தம்மைத் தாமே அளந்து பார்த்தார். எந்த உணவு சீனியை ஏற்றுகிறது, எவ்வளவு இன்சுலின் இறக்குகிறது என்பது அவருக்குத் துலங்கியது, உடம்பும் தேறியது. அவர் எழுதியதை அன்று மருத்துவ சஞ்சிகைகள் ஏற்கவில்லை. அவரோ நடுவயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே வைத்தியரானார். இன்று அம்மம்மாவின் மேசையில் கிடக்கும் கருவிக்குப் பின்னால் அந்தப் பிடிவாதமும் இருக்கிறது.

அதற்கும் முன்னால் இன்னொரு கடன் இருக்கிறது. 1921ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்ற இருவரும் இன்சுலினைக் கண்டறிந்தது நாய்களை வைத்து. 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகளாக, மனிதர் பயன்படுத்திய இன்சுலின் மாட்டினதும் பன்றியினதும் கணையத்திலிருந்தே வந்தது. 1982இல்தான் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். நம் பாட்டன் பாட்டிமாரில் சலரோகத்தோடு வாழ்ந்த பலர் மிருகங்களின் உடம்பிலிருந்து வந்த மருந்தினால் வாழ்ந்தார்கள். மருந்து மிருகத்திடமிருந்து மனிதனுக்கு வரலாம், மனிதனிடமிருந்து மிருகத்துக்குப் போகக்கூடாது என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

சரி, மாமியின் பக்கத்துக்கு வருவோம். அவர் சொல்வதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைக் கீரிமலை மக்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். கீரிமலையும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. திரும்பி வர இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த குடும்பங்கள் பல. அப்படிப் புறப்படுகிற வேளையில் சைக்கிளில் ஓரிடம்தான் இருந்தால், அதில் பிள்ளையை ஏற்றுவதா, பூனைக் கூடையை ஏற்றுவதா என்று எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கிழவரின் கையைப் பிடித்து நடந்தவர்களை எவர் குறை சொல்வார்? அதுவே சரியான ஒழுங்கு. ஆனால் அவிழ்த்துவிட்ட மாட்டை நினைத்துப் பிறகு அழுதவர்களும் உண்டானால், அவர்கள் அழுததும் சரியே. மனிதன் முதல் என்பதற்கு மிருகம் ஒன்றுமில்லை என்பது பொருளல்ல.

1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டு பிழைகளையும் அருகருகே வைத்துச் சொல்கிறது. தேவையின்றி மிருகங்களை வதைப்பது மனித மாண்புக்கே பொருந்தாது என்பது ஒன்று. மனிதரின் துயர் தீர்க்க முதலில் போகவேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும் தகாது என்பது மற்றொன்று. இதில் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு மற்றதற்குக் காதைப் பொத்துவது நம் எல்லாருக்கும் எளிது.

இந்த ஒழுங்கை வீட்டுக்குள் எப்படிக் கைக்கொள்வது? மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது: யாருடையதை எடுத்து யாருக்குக் கொடுக்கிறோம்? அம்மம்மாவின் பெயருக்கு அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கப்பட்ட இன்சுலின் பொதுமக்களின் பணம். அதில் ஒரு சொட்டையும் பூனைக்குத் திருப்பக்கூடாது. பட்டிகை வாங்க வைத்த காசில் அவருக்கு ஒரு நாள் குறைந்து, அந்தக் குறையில் பூனைக்கு ஒரு நாள் கூடுமானால், அது அன்பல்ல, அநியாயம். வீட்டாருடைய தேவையும், வாசலில் வந்து நிற்கும் ஏழையின் தேவையும் போக மிஞ்சிய சொந்தக் காசில், ஒரு சினிமாவையோ ஒரு புதுச் சட்டையையோ விட்டுக்கொடுத்துப் பூனையைப் பார்த்தால், அதைக் கூத்து என்று எவரும் சொல்ல முடியாது. நம் வீண் செலவுகளை ஒருவரும் கேட்பதில்லை. பூனைக்குச் செலவிட்டால் மட்டும் ஏழையின் நினைவு வருகிறது. ஏழையை நினைக்கிறவர்கள் எல்லாச் செலவின்போதும் நினைக்கட்டும்.

இரண்டாவது: இந்த வலி யாருக்காக? குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது அது அழுகிறது, வளர்ந்தபின் விளங்கிக்கொள்ளும். பூனை ஒருநாளும் விளங்கிக்கொள்ளாது. காதில் குத்துகிற கையும் சோறு வைக்கிற கையும் ஒன்றாயிருப்பது ஏன் என்று அதற்குத் தெரியாது. அப்படி விளங்காத ஒரு சீவனை நோகச் செய்ய நமக்கு உரிமை உண்டென்றால், அந்த நோவு அதன் நன்மைக்காக மட்டுமே இருக்கவேண்டும். நம் பயத்தைத் தணிப்பதற்காகவோ, கருவி இருக்கிறதே என்பதற்காகவோ இருக்கக்கூடாது. இன்சுலினைத் தொடங்கும் நாள்களில் வைத்தியர் சொன்னால், இரண்டு மணிக்கொரு தடவை ஒரு பகல் முழுதும் பார்க்கவேண்டி வரும். அது தேவை. அளவு நிலைப்பட்ட பிறகும் மனம் கேளாமல் மணிக்கொரு தடவை குத்துவது தேவையில்லை. வைத்தியம் பலிக்காமல், அதன் நாள்கள் ஊசியும் வேதனையும் மட்டுமாய்ப் போகுமானால், வைத்தியரோடு பேசி அதன் வேதனையை முடித்துவைப்பதும் இரக்கமே. மனித உயிருக்கு அந்த முடிவு நம் கையில் இல்லை. மிருகத்தின் விடயம் வேறு.

மூன்றாவது: நம் அன்பு அளவோடு இருக்கிறதா? அளவு என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. அளந்து அறிவது ஒன்று; எல்லை அறிந்து நிற்பது மற்றொன்று. இந்த வருத்தத்தில் இரண்டும் வேண்டும். பூனை ஊனுண்ணிப் பிறவி. நாமோ சோற்றைக் குழைத்து வைத்து, பிள்ளைகள் தின்ற பிஸ்கற்றையும் போட்டு, ஓடித் திரியவும் விடாமல் அதைக் கொழுக்க வைத்தோம். ஆகவே வந்த வருத்தத்தில் நம் செல்லத்துக்கும் ஒரு பங்குண்டு. மாச்சத்தைக் குறைத்து, மீனும் இறைச்சியுமாகக் கொடுத்து, முன்கூட்டியே வைத்தியம் தொடங்கினால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. அந்த நல்ல செய்தியையும் அளந்து பார்த்தே அறியலாம். அறியாமல் பழக்கத்திலே ஊசியைத் தொடர்ந்தால், நம் அன்பே அதைக் கொன்றுவிடும்.

வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். மிருகங்களுக்கென்றே செய்த கருவிகளும் உண்டு. எதை வைத்திருந்தாலும் வைத்தியரிடம் சொல்லி, அந்த ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். இன்சுலின் மருந்தில் மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ளதும் 100 அலகு உள்ளதும் உண்டு. ஒன்றுக்குரிய ஊசிக்குழாயை மற்றதற்குப் பாவித்தால் அளவு பெரிதாய்ப் பிசகும். பூனை உணவு தின்னாத நாளில் வழமைபோல ஊசி போடாமல், முதலில் வைத்தியரைக் கேளுங்கள். சோர்ந்து தள்ளாடினால் முரசில் சிறிது தேனையோ சீனிப் பாணியையோ தடவி, உடனே வைத்தியரிடம் கொண்டோடுங்கள்.

கீரிமலை என்ற பெயரிலேயே ஒரு முகத்தின் கதை இருக்கிறது. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இங்குள்ள தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது நம் இந்துச் சகோதரரின் ஐதீகம். குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இங்கே குணமடைந்தாள் என்பார்கள். மனித முகம் என்பது எது என்று அந்தக் கதை நம்மைக் கேட்கிறது. நோயால் மெலியும் பூனையைக் கண்டும் காணாமல் போகிற முகமா? பூனையின் இலக்கத்தை மனப்பாடமாய்ச் சொல்லி, அம்மம்மாவின் இலக்கத்தைக் கேட்டால் விழிக்கிற முகமா? இரண்டுமல்ல.

அந்த வீட்டுக் கொப்பியை இன்னொருமுறை பாருங்கள். முதற்பக்கத்தில் அம்மம்மாவின் அளவு. அடுத்த பக்கத்தில் பூனையினது. பிள்ளை ஒழுங்கைத் தவறவிடவில்லை. மாமியும் ஒன்றை யோசிக்கட்டும். வாய் பேசாத சீவனின் வருத்தத்தை அளந்து அறியப் பழகிய பிள்ளை, நாளைக்கு வாயிருந்தும் தம் நோவைச் சொல்லாத பெரியவர்களின் முகத்தையும் பார்த்து அறிவாள் அல்லவா?

நம் வீடுகளிலும் அப்படிச் சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வேண்டாமென்று பட்டிகையை மிச்சம் பிடிக்கும் தாய்மார் இருக்கிறார்கள். கிளினிக் நாளைத் தள்ளிப்போடும் தகப்பன்மார் இருக்கிறார்கள். இன்றிரவு உங்கள் பூனையை மடியில் தூக்குமுன், அவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு வந்து பூனையையும் தூக்குங்கள்.