எலியும் கொல்லாமையும்

கொல்லாமை கற்பிக்கும் நாம், பாடசாலைத் தோட்டத்தை அகழும் எலியை யாது செய்வோம்? திருமறைக்காட்டில் திருவிளக்கைத் தூண்டிய எலியே மாவலியாய்ப் பிறந்ததென்பர். ஆதலின் அதனை இழிவுயிரென்றல் சைவர்க்குத் தகாது. ஆயினும் படுவான்கரை வயல்களில் வரம்பைத் துளைத்து நெற்கதிரை வளைக்குள் ஈர்ப்பதும், சிறுநீரால் எலிக்காய்ச்சலைப் பரப்புவதும் அதுவே. 2008ஆம் ஆண்டில் அந்நோய் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் பற்றியது. உழவரை மறந்த இரக்கம் அரையிரக்கமேயாம்.

ஆதலின் முதற்கண் தடுத்தலே அறம். வளைவாயிற் புதுமண் குவிந்திருப்பின் எலி உண்டென அறிக. புதரையும் சிந்திய தானியத்தையும் நீக்குக. வரம்பை ஓரடிக்கு மேல் அகலாது அமைக்க. அயலாரோடு ஒருங்கே விதைக்க. அபசகுனமென்று கூகையைத் துரத்தற்க. இவற்றுக்கு அடங்காதவிடத்துக் கொலை நேரின், விரைவில் முடிக்க. நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகையும் மாளும். அதனை மாணாக்கர்க்கு விளையாட்டாக்குதல் ஒருபோதும் ஆகாது. தேவையைத் தேவையென்றும், கொலையைக் கொலையென்றும் ஒளியாது உரைத்தலே ஆசிரியராகிய நம் கடன்.