கூட்டின் குணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பொருளின் குணம் அதன் கூறுகளிலேயே உள்ளதா, அவை சேரும்போது புதிதாகப் பிறக்கிறதா என்பது இந்திய மெய்யியலின் பழைய கேள்வி. விளைவு புதியது என்பது நியாய, வைசேடிக நெறிகளின் அசற்காரியவாதம். அது காரணத்தில் முன்பே மறைந்திருக்கிறது என்பது சாங்கியமும் சைவ சித்தாந்தமும் கொண்ட சற்காரியவாதம்.

இக்கேள்விக்கு உணவு நல்ல உரைகல். புத்தளம் கரையோரத்தின் கற்பிட்டி மணல் நிலத்தில் சின்ன வெங்காயம் விளைகிறது. அவித்த கடலையை அதனோடு தாளிப்பது வழக்கம். கடலைப் புரதத்தில் பெரும்பகுதி குளோபுலின். வெங்காயத்தில் குவெர்செட்டின் என்னும் பிளவனாய்டு உண்டு. இத்தகைய புரதமும் பிளவனாய்டும் ஐதரசன் பிணைப்பாலும் நீர்வெறுப்பு ஈர்ப்பாலும் ஒட்டிக்கொள்ளும். பிளவனாய்டு ஒட்சியேற்றமடைந்தால், புரதத்தின் லைசினோடு வலுவான பிணைப்பும் உண்டாகலாம். இதனால் புரதம் செரிப்பது குறையலாம்; பிளவனாய்டு சிதையாமல் காக்கப்படலாம். கூறுகளைத் தனித்தனியே அளந்தால் இவை புலப்படா.

எனினும் இணையும் ஆற்றல் வெளியிலிருந்து வருவதன்று. அது மூலக்கூறுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. வெப்பமும் நீரும் அமிலத்தன்மையும் அதை வெளிப்படுத்துகின்றன. இது சற்காரியவாதத்துக்கு நெருக்கமானது.

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சித்தாந்தம் வகுக்கும். இங்கே புரதமும் பிளவனாய்டும் முதற்காரணம், வெப்பம் துணைக்காரணம், சமைப்பவர் நிமித்த காரணம். முதலிரண்டையும் இரசாயனவியல் அளக்கும். மூன்றாவதிலிருந்தே சித்தாந்தம் உலகுக்கு ஒரு கருத்தா வேண்டும் என வாதிடுகிறது. அந்த வாதம் அறிவையும் நோக்கத்தையும் பற்றியது. ஆகவே இரசாயன அளவீடு அதை நிறுவவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது.