மிதிவண்டியின் வேகம் யாருடையது?

கருவியின் துணையோடு மனிதர் அடையும் வேகம் அவருடைய முயற்சியின் பலனா, கருவியின் பலனா? மோட்டார் வண்டியைப் பொறுத்தவரை விடை எளிது. ஓட வைப்பது எரிபொருள். ஓட்டப்பந்தயத்திலும் விடை எளிது, ஓடுவது கால். மிதிவண்டி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை நகர்த்தும் ஆற்றல் முழுவதும் ஓட்டுபவரின் உடலிலிருந்தே வருகிறது. ஆனால் அதே உடல் வண்டியை விட்டு இறங்கி ஓடினால் அந்த வேகம் கிடைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிதிவண்டியின் கியர் அமைப்பு மேம்பட்டபோது இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. பந்தய விதிகளும் சமயச் சபைகளின் ஒழுங்குகளும் அதற்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

சக்கரமும் சங்கிலியும்

1817இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டியில் பெடல் கிடையாது. உட்கார்ந்தபடியே தரையைக் காலால் உந்த வேண்டும். 1860களில் பாரிஸில் பெடல் வைத்த வண்டிகள் வந்தன. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்ததால், கால் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் கூட வேண்டுமானால் காலை விரைவாகச் சுழற்ற வேண்டும், இல்லையேல் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். கால் சுழலும் விரைவுக்கு உடலே எல்லை வகுத்துவிடுவதால், 1870களில் தயாரிப்பாளர்கள் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள்.

ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள முன்சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 4.7 மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 17 கி.மீ. வேகம் கிடைக்கும். அதற்கு மேல் சக்கரத்தை வளர்க்க இடமில்லை, ஏனெனில் ஓட்டுபவரின் கால் பெடலை எட்டியாக வேண்டும். உயரமானவர் பெரிய சக்கரம் வாங்கினார். குள்ளமானவர் சிறிய சக்கரத்தோடும் குறைந்த வேகத்தோடும் நின்றார். சிறு கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழும் அபாயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

இந்தக் கட்டை அவிழ்த்தது சங்கிலி. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் வண்டியில் பெடல் நடுவிலும், இயக்கம் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்திலும் அமைந்தன. பெடலோடு சேர்ந்த பல்சக்கரத்தில் 48 பற்களும் பின்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், பெடல் ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் மூன்று முறை சுற்றும். 66 செ.மீ. விட்டமுள்ள சாதாரணச் சக்கரம் இப்போது ஒரு மிதிக்கு 6.2 மீட்டர் போகும். பழைய முறையில் இதே தூரத்தை எட்ட வேண்டுமானால் இரண்டு மீட்டர் உயரச் சக்கரம் வேண்டும்; அதை மிதிக்கும் அளவுக்கு நீண்ட கால் யாருக்கும் இல்லை.

கியர் எதைத் தருகிறது?

இந்தப் பல்சக்கர விகிதமே கியர். அது ஆற்றலை உண்டாக்குவதில்லை. தூரம் மூன்று மடங்கானால் சக்கரத்தைத் தள்ளும் விசை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. உயர்ந்த கியரில் ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் கூடுதலாக வேண்டும். தாழ்ந்த கியரில் அழுத்தம் குறையும், சுற்றுகள் கூடும். நன்றாக எண்ணெய் போட்ட சங்கிலி, காலிலிருந்து வாங்கும் ஆற்றலில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் சக்கரத்திடம் ஒப்படைக்கிறது. எஞ்சிய சிறு பங்கு உராய்வில் போய்விடும். கணக்குப்படி பார்த்தால் கியர் சற்றே நட்டம் தரும் இடைத்தரகர்.

அப்படியானால் வேகம் கூடியது எப்படி? தசைக்குத் தோதான ஒரு தாளம் உண்டு. மிக மெதுவாகப் பெரும் அழுத்தம் கொடுத்தாலும், மிக விரைவாக அழுத்தமின்றிச் சுற்றினாலும் தசை சீக்கிரம் களைத்துவிடும். மேடு, சமதளம், எதிர்க்காற்று என்று சாலை மாறும்போதெல்லாம் காலின் தாளம் மாறாமல் காப்பதே கியரின் வேலை. வீணாகப் போன வலிமை பயனுக்கு வருகிறது. புதிய வலிமை எங்கிருந்தும் வருவதில்லை. அதனால்தான் கியரை எவ்வளவு உயர்த்தினாலும் வேகம் அதே அளவில் உயர்வதில்லை. காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியில் வளர்கிறது. மணிக்கு 20 கி.மீ. போகிறவர் 25 கி.மீ. போக விரும்பினால், காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு திறன் செலவிட வேண்டும்.

1899இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி இதன் மறுபக்கத்தைக் காட்டினார். தண்டவாளங்களுக்கு இடையே பலகை பதித்து, ஓடும் ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் காற்று மறைவில் மிதித்து, ஒரு மைல் தூரத்தை 57.8 வினாடியில் கடந்தார். அது மணிக்கு 100 கி.மீ. வேகம். மிதித்தது அவர் கால்தான். காற்றை விலக்கியது ரயில்.

தேக்ராஞ்சும் வெலோசியோவும்

பிரான்சில் இந்தக் கேள்வி இரண்டு மனிதர்களின் வழக்காகவே நடந்தது. ஒருவர் ஆன்றி தேக்ராஞ்சு. 1903இல் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். மற்றவர் செயின்ட் எத்தியென் நகரத்துப் பட்டு வணிகர் போல் தெ விவீ. வெலோசியோ என்ற புனைபெயரில் 1887 முதல் மிதிவண்டி இதழ் நடத்தியவர்.

மாற்றும் கியர் வயதானவர்களுக்கு உரியது, தசையின் வலிமையால் வெல்வதே பெருமை, கருவியின் தந்திரத்தால் வெல்வது தளர்ச்சி என்பது தேக்ராஞ்சின் கட்சி. துன்பம்தான் வீரரை அளக்கும் கோல். துன்பத்தைக் குறைக்கும் எதுவும் அளவையைக் கெடுக்கும் என்று அவர் கருதினார். வெலோசியோ செயின்ட் எத்தியெனைச் சூழ்ந்த மலைப்பாதைகளில் பல கியர்களைச் சோதித்துப் பார்த்தவர். பசிக்குமுன் உண்ணவும் தாகத்துக்குமுன் பருகவும் ஓட்டுநர்களுக்கு அறிவுரை சொன்ன அவர், வீண் பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே என்றும் சொன்னார். அவருக்கு முயற்சி என்பது ஊரையும் மலையையும் காணச் செல்லும் வழி. வழியில் வீணாகும் வலிமைக்குத் தனியாக ஒரு புண்ணியமும் இல்லை.

தம் பந்தயத்தில் மாற்றும் கியருக்குத் தேக்ராஞ்சு விதித்த தடை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வீரர்களின் பின்சக்கரத்தில் இருபுறமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் வீரர் இறங்குவார். அச்சின் இரு மரைகளையும் தளர்த்துவார். சக்கரத்தை உருவித் திருப்பிப் போட்டு, பற்கள் கூடிய பக்கத்தில் சங்கிலியை மாட்டி, இழுத்துப் பிடித்து முடுக்குவார். உச்சியில் குளிரில் விறைத்த விரல்களால் அதையே மறுபடி செய்வார். ஆகவே கியர் மாற்றம் தடைசெய்யப்படவில்லை. இறங்காமல் மாற்றுவதே தடைசெய்யப்பட்டது. 1937இல், தேக்ராஞ்சு பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, சங்கிலியைப் பல்லிலிருந்து பல்லுக்குத் தள்ளும் கியர்மாற்றி பந்தயத்தில் அனுமதி பெற்றது. அவர் 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கி.மீ. ஓட்டி நிறுவிய சாதனையும் சங்கிலி வண்டியில் நிகழ்ந்ததே. ஒற்றைப் பல்சக்கரமும் ஒரு கியர்தான். ஒரு பல்சக்கரம் நேர்மை, இரண்டாவது தந்திரம் என்று கோடு போடக் காரணம் எதுவும் இல்லை.

மூன்று காரணங்கள்

இந்த வழக்கைத் தீர்க்கத் தமிழ்ச் சைவ சித்தாந்தம் கையாளும் காரணப் பகுப்பு உதவுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். சக்கரம் இன்றிக் குடம் உருவாகாது. ஆனாலும் குடத்தில் தங்குவது மண்ணே. அதைச் சக்கரத்தின் படைப்பு என்று யாரும் சொல்வதில்லை. மிதிவண்டியின் வேகத்துக்கு முதற்காரணம் தசையின் ஆற்றல், துணைக்காரணம் கியர், நிமித்த காரணம் ஓட்டுபவரின் கருத்து.

இந்தப் பகுப்பை வைத்துப் பார்த்தால் உதவிகள் மூன்று வகைப்படும். முதல் வகை, உள்ள வலிமையை வடிவம் மாற்றித் தருவது. கியர் இதில் அடங்கும். இரண்டாவது, தடையை விலக்குவது. மர்ஃபிக்கு முன்னால் ஓடிய ரயில் இத்தகையது. மூன்றாவது, வெளியிலிருந்து வலிமை சேர்ப்பது. மோட்டார் இந்த வகை. மூன்றாம் வகையில் முதற்காரணமே மாறிவிடுவதால் வேகம் ஓட்டுபவருடையது என்று முழுமையாகச் சொல்ல முடியாது. முதல் வகையில் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

சிக்கல் இரண்டாம் வகையில்தான். 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் சாய்ந்து படுத்து ஓட்டும் வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. கடந்து, 1914இல் ஆஸ்கர் எக் நிறுவிய 44.247 கி.மீ. சாதனையை முறியடித்தார். காற்று மோதும் பரப்பு குறைந்ததே அதற்குத் துணை. சர்வதேச மிதிவண்டிச் சங்கம் 1934இல் அது மிதிவண்டியே அல்ல என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் வீரர் கிறிஸ் போர்ட்மன் 1996இல் கைகளை முன்னே நீட்டிய நிலையில் ஒரு மணி நேரத்தில் ஓட்டிய தூரம் 56.375 கி.மீ. 2000இல் சங்கம் பழைய பாணி வண்டியைக் கட்டாயமாக்கியபோது அவர் ஓட்டியது 49.441 கி.மீ.; 1972இல் எடி மெர்க்ஸ் ஓட்டியதைவிடப் பத்தே மீட்டர் கூடுதல். 2014இல் விதி மறுபடியும் மாறியது. வீரரை வீரரோடு ஒப்பிடக் கருவி பொதுவாக இருக்க வேண்டும். அதற்காகக் கோடு போடுவது நியாயமே. ஆனால் அந்தக் கோடு ஆட்டத்தின் விதி, அறத்தின் விதி ஆகாது. அறத்தின் விதியாக இருந்திருந்தால் அது இத்தனை முறை இடம் மாறியிருக்காது.

கருவியை மறுத்தவர்கள்

வேகம் ஓட்டுபவருடையதே என்று ஒப்புக்கொண்ட பிறகும் மற்றொரு கேள்வி எஞ்சுகிறது. அந்த வேகம் அவரை என்ன செய்கிறது? சீனத்துத் தாவோ மரபின் சுவாங்சி நூலில் ஒரு கதை வருகிறது. முதியவர் ஒருவர் குடத்தில் நீர் முகந்து பாத்திக்குப் பாய்ச்சுகிறார். கன்பூசியஸின் மாணவர் ஒருவர், ஏற்றம் போட்டால் ஒரே நாளில் நூறு பாத்திக்குப் பாய்ச்சலாமே என்கிறார். ஏற்றம் தமக்குத் தெரியாததல்ல, பயன்படுத்த வெட்கப்படுவதால்தான் விட்டதாகச் சொல்கிறார் முதியவர். பொறியோடு பழகுபவர் மனத்தில் பொறியின் கணக்குக் குடியேறும், உள்ளத்தின் எளிமை கெடும் என்பது அவர் அச்சம். பலன் யாருக்குச் சொந்தம் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் இதே கவலையைச் சபை ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். அங்கே மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. நின்றபடி ஒரு காலால் தரையை உந்தும் ஸ்கூட்டருக்கு உண்டு. அதில் பெடலும் இல்லை, சங்கிலியும் இல்லை. காரணம் சோம்பல் பற்றிய கண்டனம் அன்று. மிதிவண்டி எளிதாக நெடுந்தூரம் கொண்டுபோய்விடும்; வீட்டையும் அயலாரையும் விட்டு மனிதர் விலகிவிடுவார் என்பதுதான். இந்தியானாவின் வடபகுதியில் உள்ள ஆமிஷ் சபைகளோ மிதிவண்டியை ஏற்றுக்கொண்டன. ஒரே நம்பிக்கையைப் பின்பற்றுவோர் இரண்டு விடைகளை எட்டியதால், பாவம் பல்சக்கரத்தில் இல்லை என்பது அவர்களுக்கும் உடன்பாடு என்று கொள்ளலாம். எவ்வளவு வேகம் எந்த வாழ்வுக்குப் பொருந்தும் என்பதே அவர்கள் நிறுத்துப் பார்த்தது.

கத்தோலிக்கக் குருவாக இருந்த சிந்தனையாளர் இவான் இல்லிச் 1974இல் வெளியான ‘ஆற்றலும் சமத்துவமும்’ நூலில் இதைச் சமூகக் கேள்வியாக்கினார். அமெரிக்கர் ஒருவர் காரில் செலவிடும் நேரத்தோடு அதற்காக உழைத்துச் சம்பாதிக்கும் நேரத்தையும் கூட்டினால் ஆண்டுக்கு 1,600 மணி. ஓடும் தூரம் 7,500 மைல். மணிக்கு ஐந்து மைல்கூடத் தேறாது என்று அவர் கணக்கிட்டார். மிதிவண்டிக்காரரோ நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாக, ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலில் போகிறார். தன் ஆற்றலால் பெறும் வேகம் பிறர் நேரத்தைப் பறிப்பதில்லை என்பது அவர் வாதம்.

தீர்ப்பு

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. கருவி தன் வலிமையைச் சேர்க்காமல் மனிதரின் வலிமையை மட்டும் ஒழுங்குபடுத்தித் தருமானால், பலன் முழுவதும் மனிதருடையது. தேவையற்ற துன்பத்தைக் கூட்டுவதால் முயற்சியின் மதிப்பு உயர்வதில்லை. தேக்ராஞ்சு தோற்ற இடம் அது. ஆனால் பலன் ஓட்டுபவருடையது என்றால், அந்த வேகம் எங்கே கொண்டுபோகிறது, யாரை விட்டு விலக்குகிறது என்பதற்குப் பொறுப்பும் அவருடையதே. வேகத்தின் பெருமையை எடுத்துக்கொண்டு பழியை மட்டும் கருவியின்மேல் போடும் உரிமை யாருக்கும் இல்லை.