காணாவிடத்து வினையும் கண்காணிப்பும்

ஒருவன் செய்யும் வினையைக் கண்ணாற் காணாத தலைவன், அவன் அதனைச் செய்கின்றான் என்று எங்ஙனம் துணிவது? இவ்வினா பழையது. ஆயினும் 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் உலகெங்கும் பரவிக் கந்தோர்கள் கதவடைத்து, எழுதுவினைஞரும் கணக்கரும் தத்தம் இல்லத்திலிருந்தே கணினி வாயிலாகத் தொழில்புரியத் தொடங்கிய காலந்தொட்டு, இது பல்லாயிரம் வீடுகளினுட் புகுந்துவிட்டது. தலைவர் பலர் இதற்குக் கண்ட விடை, வேலையாளின் கணினியினுள்ளே ஒரு காவலாளனைக் குடியிருத்துதலேயாம். அக்காவலாளன் ஒரு மென்பொருள். சாவிப்பலகை எத்துணை முறை அழுத்தப்பட்டது, சுட்டி எத்துணைப் பொழுது அசையாது கிடந்தது என்று அஃது எண்ணும். சிறுபொழுதுக் கொருமுறை திரையைப் படம்பிடிக்கும். சிலவிடத்துக் கமராவின் வழியே முகத்தையும் நோக்கும். இஃது அறமாகுமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. பிள்ளைகளைப் பார்த்திருத்தலையே தொழிலின் ஒரு கூறாகக் கொண்ட ஆசிரியராகிய நமக்கு இவ்வாராய்ச்சி புறம்பானதன்று.

‘கந்தோர்’ என்னுஞ் சொல்லை நமக்குத் தந்த ஒல்லாந்தர் நாட்டிலே 2022ஆம் ஆண்டில் ஒரு வழக்கு நிகழ்ந்தது. அமெரிக்கத் தாபனமொன்றின்கீழ் வீட்டிலிருந்து பணிபுரிந்த ஒருவரை, வேலைநாள் முழுவதும் திரையைப் பகிர்ந்து கமராவையும் திறந்துவைக்குமாறு அத்தாபனத்தார் பணித்தனர். நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரம் கமராவாற் பார்க்கப்பட்டிருத்தல் தமக்கு ஒவ்வாதென்றும், தம் கணினியின் செயல்களை அவர்கள் முன்னரே அறிந்துகொள்கின்றனர் என்றும் அவர் விடையிறுத்தார். வேலைசெய்ய மறுத்தார் என்று கூறி அவரை நீக்கிவிட்டனர். நீதிமன்றமோ, நாள்முழுதும் கமராவைத் திறந்துவைக்கச் சொல்வது ஒருவரது தனிவாழ்வுக்குரிய மதிப்பை மீறுவதாகும் என்று கண்டு, ஏறக்குறைய 75,000 யூரோ கொடுக்கும்படி தீர்த்தது.

இவ்வளவிற் கேட்டவர், தலைவர் யாவரும் கொடியர், வேலையாளர் யாவரும் நல்லர் என்று முடித்துவிடுதல் கூடும். அது நேர்மையாகாது. 2023ஆம் ஆண்டு சனவரியிற் கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவிலே தீர்க்கப்பட்ட வேறொரு வழக்கில், கணக்காய்வுத் தாபனமொன்றில் வீட்டிலிருந்து பணிசெய்த ஒருவர், தம்மை முறையின்றி நீக்கினர் என்று முறையிட்டார். அவருடைய கணினியில் இருந்த மென்பொருளோ, அவர் வேலைசெய்ததாக எழுதிக்கொடுத்த நேரத்துள் 50 மணிக்கு மேற்பட்டதற்கு ஒரு வேலையும் காட்டவில்லை. கடதாசியில் அச்சிட்டு வைத்துக்கொண்டு வேலைசெய்தேன் என்றார். எத்தனை தாள் அச்சிடப்பட்டன என்பதையும் அம்மென்பொருள் அறிந்திருந்தது. கூறிய அளவுக்குத் தாள்கள் அச்சாகவில்லை. வழக்கிட்டவரே பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஆகவே, ஏமாற்றுவோர் உளர் என்பதும், கூலி கொடுப்பவன் அக்கூலிக்குக் கணக்குக் கேட்கும் உரிமையுடையன் என்பதும் மறுக்கத்தக்கன அல்ல.

நிற்க, எதனை எண்ணுகின்றோம் என்பதே யாம் முதன்மையாகக் கொள்ளும் கேள்வி. தேயிலைத் தோட்டத்துக் ‘கங்காணி’ என்னும் பெயர் ‘கண்காணி’ என்பதன் திரிபே. அந்நாளிற் கங்காணிக்கு, தன்கீழ் உள்ளோருள் எத்தனைபேர் அன்று வேலைக்கு வந்தனரோ, அத்தனைபேருக்கும் ஆளொன்றுக்கு இவ்வளவு காசு என்று கொடுக்கப்பட்டது. காய்ச்சலோடு கிடந்தவரையும் அவன் வெளியே இழுக்க முயன்றிருந்தால் அதில் வியப்பென்னை? அவனுக்கு வேண்டியது தலைக்கணக்கு. இக்காலத்து மென்பொருளுக்கு வேண்டியது விரற்கணக்கு. சிந்தித்தலென்னும் வேலை நடைபெறுங்கால் விரல் அசையாது. சாளரத்தை நோக்கியிருப்பவன் சோம்பேறியாயும் இருக்கலாம், அன்றிக் கணக்கின் பிழையைத் தேடுபவனாயும் இருக்கலாம். இவ்விருவரையும் அம்மென்பொருள் ஒரு பட்டியலிலேயே எழுதும். பிரான்சு நாட்டின் தரவுக் காப்பு அதிகாரசபை, இத்தகைய ‘அசையா நேரத்தை’ எண்ணித் திரையையும் படம்பிடித்த ஒரு தாபனத்துக்கு 2024ஆம் ஆண்டு திசம்பரில் 40,000 யூரோ தண்டம் விதித்தது.

விரலை எண்ணுவோர்க்கு விரலே கிடைக்கும். சுட்டியைத் தானே அசைத்துக் கொண்டிருக்கும் சிறுபொறிகள் கடைகளிற் கிடைக்கின்றன. 2024ஆம் ஆண்டில் வெல்ஸ் பார்கோ என்னும் அமெரிக்க வங்கி, சாவிப்பலகை இயங்குவதுபோற் பாவனை செய்தமைக்காகப் பன்னிருவர்க்கு மேற்பட்டோரை வேலைநீக்கியது. பொய்யுரைத்தோர் குற்றவாளிகளே, அதில் ஐயமில்லை. ஆயினும் அப்பொய்க்கு வடிவங் கொடுத்தது எது? இங்கிலாந்திலே 1862ஆம் ஆண்டில் றொபேட் லோ என்பார், பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்குப் பணமளிக்கும் முறையைக் கொணர்ந்தபொழுது, பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனனஞ்செய்து வித்தியாதரிசியின் முன் ஒப்புவித்தனர். நம் நாட்டிலும் அம்முறை பின்னர்க் கையாளப்பட்டது. பழைய ஆசிரியர் வழி வந்த எமக்கு அந்நாட்கதைகள் பல தெரியும். அவற்றை இங்கு விரிப்பின் பெருகும்.

யெரமி பெந்தம் 1787ஆம் ஆண்டில் உருசியாவிலிருந்து எழுதிய கடிதங்களில் ஒரு கட்டடத்தை வரைந்து காட்டினார். நடுவே ஒரு கோபுரம், சூழ அறைகள். அறையிலுள்ளோர் தாம் எப்பொழுது பார்க்கப்படுகின்றோம் என்று அறியார். ஆகவே எப்பொழுதும் பார்க்கப்படுவதாகவே எண்ணி ஒழுகுவர். சிறைக்கும் தொழிற்சாலைக்கும் மாத்திரமன்றிப் பள்ளிக்கூடத்துக்கும் அஃது ஏற்றதென்றார். அங்ஙனம் ஒழுகுபவன் நல்லொழுக்கமுடையவனா, அஞ்சுபவனா என்பதை அக்கோபுரத்திலிருந்து பார்ப்பவன் ஒருகாலும் அறியான். அவன் இழப்பது அவ்வறிவையே. நம்பத்தக்கவர் யார் என்று அறிய விரும்புபவன், சிறிது நேரமேனும் பாராதிருத்தல் வேண்டும்.

இதனால் நம்பிக்கையென்பது கணக்கே கேளாமை என்று கொள்ளற்க. சீனத்துச் சங்காயிலே 2010ஆம் ஆண்டிற் தொடங்கிய ஒரு சோதனையை ஆராய்ச்சியாளர் சிலர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிரயாணத் தாபனமொன்றின் தொலைபேசிப் பணியாளருள், இரட்டை எண் நாளிற் பிறந்தோர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து பணிசெய்ய, மற்றையோர் கந்தோரிலேயே இருந்தனர். ஒன்பது மாதத்தில் வீட்டிலிருந்தோரின் வேலை 13 வீதம் மிகுந்தது. அவர்கள் கணக்கின்றி விடப்பட்டாரல்லர். எத்தனை அழைப்புக்கு விடையளித்தனர் என்பது எண்ணப்பட்டது. வேலையை எண்ணுதல் வேறு. ஆளைப் பார்த்திருத்தல் வேறு. முன்னது இருவரும் அறிந்து உடன்பட்ட கணக்கு. பின்னது ஒருவன் வீட்டினுட் புகுதல். அவ்வீட்டிலே கூலி பெறாத மனைவியும் மக்களும் முதியோரும் இருக்கின்றனர். வேலையாள் கையொப்பமிட்டு இசைந்தானன்றோ எனின், மாதச் சம்பளமின்றேல் அடுப்பெரியாத ஒருவனுடைய கையொப்பத்தை முழு இசைவென்று எண்ண எம் மனம் ஒருப்படவில்லை.

எமது அநுபவம் ஒன்றுண்டு. இளமையில் வகுப்பைவிட்டுச் செல்லுங்கால், பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதுமாறு சட்டாம்பிள்ளையை நிறுத்திச் செல்வேம். ஒருநாள் மீண்டபொழுது பலகையில் ஒரு பெயருமில்லை, வகுப்பும் அமைதியாயிருந்தது. மகிழ்ந்து கொப்பிகளைத் திறந்தேம். கொடுத்த ஐந்து கணக்குள் ஒன்றையேனும் ஒருவனும் செய்திலன். சட்டாம்பிள்ளையும் செய்திலன்; அவன் வேலை பார்த்திருப்பது. அன்றுதொட்டுப் பெயர் எழுதுவித்தலை விட்டுக் கொப்பிகளையே பார்த்து வருகின்றேம். ஒருவன் கொப்பியைப் பார்த்து மற்றவன் எழுதுவதும் உண்டு. ஒருவர் பிழையே மற்றவர் கொப்பியிலும் இருத்தலால் அதனைப் பெரும்பாலும் கண்டுகொள்வேம்.